சீலோவாம் கோபுரமும் மீரியபெத்தை மலையும்



அக்கரப்பத்தனைப் பகுதியில் ஒரு துக்க வீடு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் லயக் காம்பறாவின் மூலையில் அமர்ந்திருந்தார். ஆறுதல் சொல்ல வந்த பெரியவர் ஒருவர், "என்ன பாவம் செஞ்சோமோ, ஆண்டவர் இப்படித் தண்டிச்சிட்டாரும்மா" என்றார். அந்தத் தாய் தலை நிமிரவில்லை. நானும் வாய் திறவாமல் வந்துவிட்டேன். அது என் குறை. அன்று சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறேன்.

துன்பம் பாவத்தின் சம்பளம் என்ற எண்ணம் மிகப் பழையது. எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டனர். அவர்கள் மற்றவர்களைவிடக் கொடிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, 'இல்லை' என்று அவரே பதிலும் கூறினார் (லூக்கா 13). கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவில்லை. உயிரோடிருப்பவர்களை மனந்திரும்பச் சொன்னார்.

நம் மலையகத்திலும் ஒரு சீலோவாம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கு மண்சரிவு அபாயம் உண்டென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. பாவத்தைத் தேடுவதானால் லயத்துக்குள் தேடவேண்டாம். அந்த எச்சரிக்கைகள் கிடந்த மேசைகளில் தேடலாம்.

யோபுவின் நண்பர்களைப் பாருங்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் மௌனமாக அமர்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்களே! வாய் திறந்ததும் பக்தியான வார்த்தைகளால் அவரைக் குற்றவாளியாக்கினார்கள். யோபுவோ தாம் பிறந்த நாளைச் சபித்தார். கடவுளையே வழக்குக்கு அழைத்தார். முடிவில் ஆண்டவர் சினந்தது யாரிடம்? நண்பர்களிடம். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுவே என்றார் (யோபு 42). யோபு முறையிட்டதும் ஆண்டவரிடமே அல்லவா? அவரை விட்டு விலகியவன் அவரிடம் ஏன் முறையிடப் போகிறான்?

ஆகையால், "ஆண்டவருக்குக் கண்ணில்லையா?" என்று அழும் தாயை அதட்டாதீர்கள். அதுவும் செபமே. சிலுவையில் தொங்கிய இயேசுவும் தாம் ஏன் கைவிடப்பட்டார் என்று தந்தையிடம் கேட்கவில்லையா?

திருப்பாடல் 88 இருளிலேயே முடிகிறது. ஆறுதலான கடைசி வரி அதற்கில்லை. ஆயினும் திருச்சபை வெள்ளிக்கிழமைதோறும் அதைத் தன் இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது. வரும் வெள்ளியன்று செபமாலை முடிந்ததும் வீட்டில் ஒருவர் அதை மெதுவாக வாசிக்கட்டும். விளக்கம் ஏதும் சேர்க்க வேண்டாம். உங்கள் தோட்டத்தில் துக்கத்திலிருப்பவர்களின் பெயர்களை மட்டும் சொல்லி விளக்கை அணையுங்கள்.