பாதியில் கத்தரியைக் கீழே வைத்த க்ரூமர்

கேள்வி: எங்கள் ஷிட்ஸு ஜூலிக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. குட்டியாக வந்த நாளிலிருந்து ஒரே க்ரூமர்தான் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் எடுத்துவிட்டுப் போகிறார். அவர் பைக் சத்தம் கேட்டாலே இவள் வாசலுக்கு ஓடுவாள். சென்ற முறை வந்தபோது பாதி வெட்டியதோடு நிறுத்திவிட்டார். "இன்னைக்கு இது போதும்க்கா. பின்னங்காலைத் தூக்க விடமாட்டேங்குறா. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க" என்றார். ஒரு பக்கம் முடி நீளம், ஒரு பக்கம் குட்டை. முழுப் பணத்தையும் நீட்டினேன், அவரும் வாங்கிக்கொண்டார். பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் கடையில், எப்படிப்பட்ட நாயாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறார்களாம். அங்கே மாற்றிவிடலாம் என்கிறார் என் கணவர். இத்தனை வருடம் பழகியவரை விடவும் மனம் வரவில்லை. என்ன ஆயிற்று என்று அவரிடம் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அவரை மாற்றாதீர்கள். முதலில் ஜூலியை டாக்டரிடம் காட்டுங்கள். அதன் பிறகு அவரை உட்காரவைத்து மனம்விட்டுப் பேசுங்கள். இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

ஷிட்ஸுவின் முடி ஓர் அளவோடு நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டியிருக்கிறது. பத்து ஆண்டில் அவர் ஐம்பது, அறுபது தடவைக்கு மேல் ஜூலியின் மீது கை வைத்திருப்பார். என்னைப் போன்ற கால்நடை மருத்துவர்கள் அவளைத் தடுப்பூசிக்காக ஆண்டுக்கு ஓரிரு முறை, அதுவும் பயந்து நடுங்கும்போது பார்க்கிறோம். அவரோ காது மடலின் உட்புறத்திலிருந்து கால் விரலிடுக்குவரை, ஈரமாகவும் உலர்ந்தும், நிற்கவைத்தும் படுக்கவைத்தும் பார்த்திருக்கிறார். பெண் நாய்களுக்குக் காம்பின் ஓரமாகப் பட்டாணி அளவில் உருளும் கட்டி, காதுக்குள்ளிருந்து வரும் புதுவித நாற்றம், விலா எலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு இளைத்துப்போன உடம்பு, இவற்றையெல்லாம் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பது க்ரூமரின் விரல்கள்தான். "க்ரூமர் காட்டச் சொன்னார்" என்று யாராவது வந்தால், அந்த நாயை நான் கூடுதல் கவனத்தோடு பார்ப்பேன்.

முடி வெட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிய, அந்த நாயையே தெரிந்திருக்க வேண்டும். புதிதாகப் பார்ப்பவருக்கு, பின்னங்காலை இழுத்துக்கொள்ளும் ஜூலி அடம்பிடிக்கும் நாயாகத்தான் தெரிவாள். இத்தனை வருடம் தானாகக் காலை நீட்டியவள் இன்று இழுக்கிறாள் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கால்நடை மருத்துவர் சோஃபியா யின், விலங்குகளை அச்சமில்லாமல் கையாள்வது பற்றி 2009-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். விலங்கு திமிறினால் இன்னும் அழுத்திப் பிடிக்காதே, நிறுத்திவிட்டு வழியை மாற்று என்பதே அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தது. உங்கள் க்ரூமர் செய்ததும் அதுவே. பாதி வெட்டோடு ஒரு நாயை வீட்டுக்காரர் கையில் கொடுக்கத் தொழில்காரருக்குத் துணிச்சல் வேண்டும். கெட்ட பெயர் வந்தாலும் பரவாயில்லை, அவளுக்கு வலிக்கக் கூடாது என்று அவர் முடிவெடுத்திருக்கிறார்.

அவர் பைக் சத்தத்துக்கு ஜூலி ஓடுவதையும் சாதாரணமாக எண்ணாதீர்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரகரி பெர்ன்ஸ் குழுவினர், எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாமல் படுக்க 12 நாய்களைப் பழக்கி, வெவ்வேறு வாசனைகளுக்கு அவற்றின் மூளை எப்படி இயங்குகிறது என்று பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில், நல்லது நடக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்போடு தொடர்புடைய மூளைப்பகுதி மிக அதிகமாகத் தூண்டப்பட்டது, பழகிய மனிதரின் வாசனைக்குத்தான். அந்த ஆய்வில் பழகிய மனிதர்கள் என்பது அந்த நாய்களோடு கூடவே வாழ்பவர்கள். ஆனாலும் கத்தரி, கிளிப்பர், ப்ளோயர் எல்லாவற்றோடும் வருகிற ஒருவரை நோக்கி ஒரு நாய் ஓடுகிறது என்றால், அந்த நம்பிக்கையை அவர் பல வருடம் பொறுமையாகச் சம்பாதித்திருக்கிறார் என்று பொருள்.

டாக்டரிடம் போகும்போது அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்: எந்தக் கால், தூக்கும்போதா, தொட்டாலேவா, எப்போதிலிருந்து? முழங்கால் சில்லு, இடுப்பு மூட்டு, முதுகெலும்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், எக்ஸ்ரே தேவைப்படலாம். சிறிய இன நாய்களுக்கு வயதானால் இதய வால்வு தளர்வது உண்டு. மேஜையில் நெடுநேரம் நிற்கவைப்பதற்கு முன் இதய ஒலியைக் கேட்டுவிடுவது நல்லது. உண்ணி மூலம் பரவும் எர்லிக்கியா நம் ஊரில் காய்ச்சலையும் சோர்வையும் கொடுத்து ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். ரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையிலும் காட்டலாம். அதுவரை வீட்டில் இருக்கும் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் ஐபுப்ரோஃபன், நாய்க்கு வயிற்றில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும்.

டாக்டர் சொன்னதை அன்றைக்கே க்ரூமருக்குப் போன் செய்து சொல்லுங்கள். உங்கள் தயக்கம் அந்தப் பேச்சிலேயே பாதி கரைந்துவிடும். பிறகு, "தம்பி, இனிமே இவளுக்கு எப்படிச் செஞ்சா நல்லது?" என்று கேளுங்கள். முகத்தில் நீள முடி, காதில் தொங்கும் முடி என்ற பழைய அழகை விட்டு, உடம்பு முழுக்கக் குட்டையாக வெட்டும் பப்பி கட்டுக்கு மாறச் சொல்வார்; ஒத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாம் முடிக்காமல், ஒருநாள் குளியலும் நகமும், இன்னொரு நாள் முடி என்று பிரித்துக்கொள்ளலாம். மேஜைக்குப் பதில் தரையில் வழுக்காத விரிப்பைப் போட்டு, படுத்தபடியே வெட்டலாம்.

பணத்தைப் பற்றியும் நேராகப் பேசிவிடுங்கள். அன்று வாங்கிய முழுப் பணம் உங்களை உறுத்துகிறது என்பது கேள்வியிலேயே தெரிகிறது. அவர் வந்த தூரத்துக்கும் செலவிட்ட நேரத்துக்கும் கூலி உண்டு. அடுத்த முறை மீதியை முடித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்பதும் உங்கள் உரிமைதான். இனி ஒரு வருகைக்கு இவ்வளவு என்று இருவருமாகப் பேசி வைத்துக்கொண்டால், பழக்கத்துக்கும் கணக்குக்கும் மோதல் வராது.

உங்கள் பங்கும் இருக்கிறது. தினமும் பத்து நிமிடம் சீப்பு போடுங்கள். காதின் பின்புறம், அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில்தான் முதலில் சிக்கு விழும். சிக்கை எடுக்காமல் குளிப்பாட்டினால் அது இன்னும் இறுகிச் சடையாகி, தோலை இழுத்து வலிக்கும். ஜூலிக்கு ஏதாவது மருந்து ஓடுகிறதா, கீழே விழுந்தாளா, யாரையாவது கடிக்கப் போனாளா என்பதை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். வேலை சுலபமாகட்டும் என்று நீங்களாகவே தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். மயக்கம் தேவையென்றால் அது மருத்துவமனையில், டாக்டரின் கண் முன்னால் நடக்க வேண்டியது.

புதுக் கடையில் என்னைக் கவலைப்படுத்துவது "எப்படிப்பட்ட நாயாக இருந்தாலும் ஒரு மணி நேரம்" என்ற வாக்குறுதி. ஷிட்ஸு சப்பை மூக்கு இனம்; சூட்டையும் பதற்றத்தையும் தாங்க மூச்சு போதாது. ட்ரையரின் வெப்பக் காற்றில் அவசரப்படுத்தினால் ஆபத்து. மூச்சு இரைப்பதையும் நாக்கு நிறம் மாறுவதையும் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்பவர் கவனிக்கமாட்டார்.

பழகியவர் என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாய் அவரைக் கண்டு ஒளிய ஆரம்பித்தால், காயத்தை உங்களிடம் சொல்லாமல் மறைத்தால், வேலை நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்கவே கூடாது என்றால், எத்தனை வருடப் பழக்கமானாலும் மாற்றிவிட வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் இப்போதே தொடங்குங்கள். அவருக்கும் உடம்பு முடியாமல் போகலாம்; வேறு ஊருக்குப் போகலாம். வயதான நாயை அன்றைக்குப் புது ஆளிடம் விடுவது அவளுக்குப் பெரிய அதிர்ச்சி. அவர் இருக்கும்போதே இன்னொருவர் கூட வந்து, முதலில் நகம் மட்டும், பிறகு குளியல் என்று ஜூலியைப் பழக்கட்டும். அந்த ஆளை நீங்களாகத் தேடாமல் அவரையே கேளுங்கள். அவளுக்கு எங்கே வலிக்கும், எதற்குப் பயப்படுவாள் என்று சொல்லிக்கொடுத்து ஒப்படைக்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.