சிறுநீரகக் கல்லும் நமது உணவும் எடையும்

கார்ஹிங்கிற்குக் குடிவந்த நாம் எல்லோரும் கண்டிருப்போம்: தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் சில நாட்களிலேயே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்துவிடும். "இந்தத் தண்ணீரைக் குடித்தால் சிறுநீரகத்திலும் கல் படியாதா?" என்று பலர் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் ஊரில் இதே பயம் இருந்தது. இந்தப் பயத்தினால் தண்ணீரைக் குறைப்பவர்களையும், பாலையும் தயிரையும் அடியோடு நிறுத்துபவர்களையும் பார்க்கிறோம். இரண்டுமே தவறு.

கல் எப்படி உருவாகிறது?

பெரும்பாலான கற்கள் கல்சியம் ஒக்சலேற் என்னும் உப்பினால் ஆனவை. சிறுநீர் அடர்த்தியாகும்போது இது பளிங்காகிக் கல்லாக வளர்கிறது. ஆனால் நாம் உண்ணும் கல்சியம் குடலிலேயே ஒக்சலேற்றைப் பிடித்து, மலத்துடன் வெளியேற்றிவிடுகிறது. உணவில் கல்சியம் குறைந்தால் அந்த ஒக்சலேற் இரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வந்துசேரும்.

இத்தாலியில் கல் நோயுள்ள 120 ஆண்களை 5 ஆண்டுகள் கவனித்து 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. கல்சியத்தை வழமைபோல் உண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது.

எடைக்கு என்ன தொடர்பு?

2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, 21 வயதில் இருந்ததைவிட ஏறத்தாழ 16 கிலோவுக்கு மேல் எடை கூடிய ஆண்களுக்கு, எடை மாறாதவர்களைவிடக் கல் வரும் வாய்ப்பு 39 சதவீதம் அதிகம். உடற்பருமனான பெண்களுக்கு இது ஏறத்தாழ இரு மடங்கு. எடை கூடும்போது இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் சிறுநீரில் அமிலத்தன்மை கூடி, யூரிக் அமிலக் கற்கள் உருவாகின்றன. நீரிழிவு உள்ளவர்கள் இதை விசேடமாகக் கவனிக்க வேண்டும்.

மெலிந்த உடம்போடு இந்த நாட்டுக்கு வந்து, குளிரில் வீட்டுக்குள்ளேயே இருந்து, இரவு வேலை முடிந்து சோறு சாப்பிட்டுப் படுக்கும் நம்மில் பலருக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். அதற்காகச் சோற்றை நிறுத்தி இறைச்சியை மட்டும் உண்டு வேகமாக மெலிய வேண்டாம். அதுவும் சிறுநீரை அமிலமாக்கும்.

நாம் செய்யக்கூடியவை

1. நாளொன்றுக்கு 2 முதல் 2½ லீற்றர் சிறுநீர் கழியுமளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். உணவகச் சமையலறையில் அடுப்பருகே நிற்பவர்களுக்கு இன்னும் அதிகம் தேவை. சிறுநீர் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரே போதும்.
2. ஊறுகாய், கருவாடு, அப்பளம், மிக்சர், சிப்ஸ் ஆகியவற்றைக் குறையுங்கள். உப்பு கூடினால் சிறுநீரில் கல்சியமும் கூடும்.
3. பால், தயிர், மோரைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பினாற் கீரை சமைத்தால் அதே வேளையில் தயிரும் இருக்கட்டும்.
4. தேசிக்காய்ச் சாறு நல்லது. அதிலுள்ள சிற்றேற் கல் உருவாவதைத் தடுக்கும். உப்பும் சீனியும் சேர்க்காதீர்கள்.
5. இறைச்சியை அளவோடு உண்ணுங்கள். பழம், மரக்கறியைக் கூட்டுங்கள்.
6. தினமும் அரை மணி நேரமாவது நடவுங்கள். இசார் ஆற்றங்கரை நமக்கு அருகிலேயே இருக்கிறது.

(சிறுநீரகம் பழுதடைந்தவர்களும் இருதய நோயாளிகளும் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.)

உடைத்தால் முடிந்துவிடுமா?

கத்தியின்றி, அதிர்வலைகளால் மனிதரின் சிறுநீரகக் கல்லை உலகில் முதன்முதலாக உடைத்தது நமது மியூனிக் நகரில்தான். 1980 பெப்ரவரி 7ஆம் திகதி குரோஸ்ஹாடர்ன் மருத்துவமனையில் டாக்டர் கிறிஸ்டியன் சௌசியின் குழு அதைச் செய்தது. கார்ஹிங்கில் நாம் ஏறும் யூ6 ரயில் அந்த மருத்துவமனை வரை செல்கிறது. ஆனால் அதிர்வலை இருக்கும் கல்லைத்தான் உடைக்கும், அடுத்த கல்லைத் தடுக்காது. அது நமது சமையலறையில்தான் நடக்க வேண்டும்.

கல் வெளியேறினால் எறியாமல் மருத்துவரிடம் கொடுங்கள். அது எந்த வகை என்று தெரிந்தால்தான் சரியான உணவு முறையைச் சொல்ல முடியும். விலாவில் கடும் வலியுடன் காய்ச்சலோ நடுக்கமோ இருந்தால், அல்லது சிறுநீர் போகாவிட்டால், விடியும்வரை காத்திருக்காமல் உடனே 112ஐ அழையுங்கள்.

இன்று சாப்பாட்டு மேசையில் ஒரு சாடி தண்ணீர் வைப்பதிலிருந்து நாம் தொடங்குவோமே!