சைக்கிள் பேட்டரிக்குச் செல் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. பழைய சைக்கிளில் 250 வாட் ஹப் மோட்டாரைப் பூட்டிவிட்டாய். தாம்பரத்திலிருந்து மேடவாக்கத்துக்கு வேலைக்குப் போய் வர சுமார் 20 கிலோமீட்டர். பேட்டரியை நீயே கட்ட விரும்புகிறாய். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய லேப்டாப் பேட்டரிகளை வாங்கிப் பிரித்தால் செல் மலிவாகக் கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். உன் முதல் பேட்டரிக்குப் புதிய எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லையே வாங்கு. காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் உன் தேவை. மிதித்துக்கொண்டே மோட்டாரின் உதவியையும் எடுத்துக்கொண்டால், சைக்கிளுக்குக் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-மணி வரை செலவாகும். அதிகபட்சத்தையே எடுத்துக்கொள்வோம். 20 கிலோமீட்டருக்கு 300 வாட்-மணி. எதிர்க்காற்று, மேம்பாலம், பேட்டரிக்கு வயதாவது எல்லாவற்றையும் சேர்த்தால் 400 வாட்-மணிக்குக் குறையாமல் வேண்டும். இந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொள். கடைக்காரர் எவ்வளவு பெரிய பேட்டரியைக் காட்டினாலும் உன் தேவை இதுதான்.

இதை இரண்டு வழியில் கட்டலாம். ஒன்று என்.எம்.சி. எனப்படும் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் வகை. 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட 18650 செல் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். ஒரு செல் 3.6 வோல்ட். 2,900 மில்லி ஆம்பியர்-மணி செல்களில் நான்கைப் பக்க இணைப்பில் சேர்த்து, அப்படிப் பத்துக் கட்டுகளைத் தொடரிணைப்பில் கோத்தால் 36 வோல்ட், 11.6 ஆம்பியர்-மணி, ஏறத்தாழ 418 வாட்-மணி. மொத்தம் 40 செல், எடை சுமார் 2 கிலோ.

இன்னொன்று எல்.எஃப்.பி. வகை. இதில் ஒரு செல் 3.2 வோல்ட். 32 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் உள்ள 32700 செல் 6 ஆம்பியர்-மணி கொடுக்கும். இரண்டிரண்டாக 12 கட்டு கோத்தால் 38.4 வோல்ட், 12 ஆம்பியர்-மணி, 461 வாட்-மணி. மொத்தம் 24 செல், எடை மூன்றரைக் கிலோவுக்கு அருகில். 36 வோல்ட் கன்ட்ரோலருக்கு இது பொதுவாகப் பொருந்தும். ஆனால் முழுச் சார்ஜில் 43.8 வோல்ட் வரும் என்பதால், உன் கன்ட்ரோலர் அதைத் தாங்குமா என்று முன்பே பார்த்துக்கொள்.

இந்த இரண்டாவது வகைக்கு நம் ஊரோடும் ஓர் உறவு உண்டு. 2019-இல் லித்தியம் அயனி பேட்டரிக்காக வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் ஜான் குடினஃப். ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரை நிகழ்த்தியவர், தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 1980-களில் இருவரும் சேர்ந்து பல்லணு எதிரயனிச் சேர்மங்களை ஆராய்ந்தார்கள். அந்தப் பாதையில்தான் 1997-இல் குடினஃப் குழு இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டது. கோபால்ட்டும் நிக்கலும் விலை கூடியவை, இரும்பு அப்படியல்ல. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருக்கிறது. செல் அளவுமீறிச் சூடானாலும் அது எளிதில் பிரியாது. என்.எம்.சி. செல்லோ கடும் சூட்டில் ஆக்சிஜனை வெளிவிட்டுத் தன் நெருப்புக்குத் தானே துணைபோகும். எல்.எஃப்.பி.யும் தீப்பிடிக்காத பொருளல்ல. உள்ளிருக்கும் திரவம் எரியக்கூடியதுதான். ஆனால் தவறு நேர்ந்தால் உனக்குக் கிடைக்கும் அவகாசம் இதில் அதிகம்.

இப்போது விலைக்கு வருவோம். ஒரு செல் என்ன விலை என்று மட்டும் கேட்காதே. அது தன் ஆயுளில் மொத்தம் எத்தனை வாட்-மணி தரும் என்று கேள். என்.எம்.சி. செல்லுக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 500 சுழற்சி அளவில் ஆயுள் சொல்வார்கள். எல்.எஃப்.பி.க்கு 2,000 என்பது வழக்கம். 418-ஐ 500-ஆல் பெருக்கினால் 2,09,000. 461-ஐ 2,000-ஆல் பெருக்கினால் 9,22,000. பேட்டரியின் விலையை இந்த எண்ணால் வகுத்துப் பார். சென்னை வெயில் எல்.எஃப்.பி.யின் ஆயுளில் பாதியைத் தின்றுவிட்டாலும், இரண்டு மடங்கு விலை கொடுத்த பின்னும், அது நட்டமாகாது.

இந்தக் கணக்கில் சந்தைச் செல் எங்கே நிற்கிறது? லேப்டாப் செல் குறைந்த மின்னோட்டத்துக்கென்று செய்யப்பட்டது. உன் கன்ட்ரோலர் உச்சத்தில் 15 ஆம்பியர் இழுத்தால் நான்கு செல் கட்டில் ஒவ்வொன்றும் 3.75 ஆம்பியர் தர வேண்டும். பல ஆண்டு சூட்டில் கிடந்து உள்மின்தடை ஏறிய செல் அந்தச் சுமையில் கொதிக்கும். நெடுநாள் கிடந்து 2 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லில் செம்பு கரைந்து, திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்படலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாற்பது செல்லில் ஒன்று கெட்டால் அந்தக் கட்டு முழுவதும் கெடும். சந்தையில் வாங்கிய செல்லை டார்ச் விளக்குக்கோ சிறு சோதனைக்கோ வைத்துக்கொள். நீ ஏறி உட்காரும் வண்டிக்கு வேண்டாம்.

புதிய செல்லிலும் ஏமாற்று உண்டு. 18650 அளவுக்குள் அடங்கும் கொள்ளளவு 3,500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டித்தான். மிகப் புதிய சில செல்கள் 4,000 வரை போகின்றன. உறையில் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அதைக் கையால்கூடத் தொடாதே. நல்ல 18650 செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். 32700 செல் 140 கிராமை ஒட்டி இருக்கும். ஆகவே செல் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளுக்குப் போகும்போது சமையலறைத் தராசு ஒன்றையும் மல்டிமீட்டரையும் எடுத்துப் போ.

அங்கே பார்க்க வேண்டியவை இவை. செல்லின் மேல் ஐ.எஸ். 16046 தரமும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். முனைகளில் பழைய வெல்டிங் தழும்போ தேய்த்த தடமோ இருந்தால் அது கழற்றி மறு உறை போட்ட செல். எல்லாச் செல்லும் ஒரே தயாரிப்புத் தொகுதியாக இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் விவரத்தாளைக் கேட்டு வாங்கி, தொடர் மின்னோட்டம் எத்தனை ஆம்பியர் என்று பார். உள்மின்தடை அளக்கும் கருவி கடையில் இருந்தால் ஒவ்வொன்றையும் அளந்து, கூட்டத்திலிருந்து விலகி நிற்பதை ஒதுக்கு. பில் இல்லாமல் வாங்காதே.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு செல்லையும் 3.65 வோல்ட் வரை ஏற்றி, 2.5 வோல்ட் வரை இறக்கி, உண்மைக் கொள்ளளவைக் குறித்து வை. எல்.எஃப்.பி.யின் மின்னழுத்தம் நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்கும். வோல்ட் சமமாகத் தெரிந்தால் சார்ஜும் சமம் என்று நம்பாதே. கட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் முழுமையாக ஏற்றிச் சமன்செய். செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் வைக்காதே. சூடு உள்ளே போகும். ஸ்பாட் வெல்டிங் தெரிந்தவரிடம் அருகிலிருந்து கற்றுக்கொண்டு செய். 12 கட்டு எல்.எஃப்.பி.க்கென்றே செய்த பி.எம்.எஸ். எனப்படும் பேட்டரிக் காப்புச் சுற்றும் 43.8 வோல்ட் சார்ஜரும் மெயின் ஃப்யூஸும் கட்டாயம். என்.எம்.சி. சார்ஜரை இதில் செருகாதே. செல்லைப் போலவே பி.எம்.எஸ்., சார்ஜர், ஃப்யூஸ் மூன்றிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பெரும்பாலான செல்களைச் சார்ஜ் செய்ய 45 டிகிரிதான் மேல் எல்லை. மே மாதத்தில் தகரக் கூரைக்கடியில் நிறுத்திய வண்டியின் பேட்டரி அதைத் தாண்டிவிடும். ஓட்டி வந்ததும் ஆறவிட்டு ஏற்று. இரவில் தூங்கும் அறையிலோ வாசல் வழியை மறித்தோ ஏற்றாதே. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டின் தீவிபத்துகளுக்குப் பிறகுதான் மின்சார வாகன பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 தரவிதி 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கடுமையானது. கையால் கட்டிய பேட்டரியைச் சோதிக்க அதிகாரி யாரும் வரமாட்டார். அந்தப் பொறுப்பு முழுவதும் உன்னுடையது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பரில் வந்த வெள்ளத்தையும் நினைவில் வை. மழைக்காலத்தில் பேட்டரியைத் தரையில் வைக்காதே. தண்ணீரில் மூழ்கியதை மறுபடி சார்ஜ் செய்யாதே.

மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால்தான் பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாம் என்ற சட்டத்தின் சலுகை உண்டு. பெரிய பேட்டரி கிடைத்தது என்று அந்த எல்லையைத் தாண்டாதே.

24 நல்ல செல்லுக்குக் காசு சேரவில்லை என்றால் இன்னும் இரண்டு மாதம் மிதித்தே போ, தம்பி. காத்திருப்பதில் உனக்கு எந்த நட்டமும் இல்லை. செல்லை எடைபோட்டு, அளந்து, எண்ணைச் சரிபார்த்து வாங்கு. வாங்குவதற்கு முன் விவரத்தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்