கந்தூரிச் சோறும் வீட்டுக்குப் போகும் பங்கும்

‘கந்தூரி’ என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பாரசீகத்தில் அது உணவு பரிமாற விரிக்கும் விரிப்பைக் குறித்தது. நாம் சுப்ரா என்கிறோமே, அதைத்தான். விரிப்பின் பெயரே விருந்துக்கும் ஆனது. அதே சொல் கடல் தாண்டி, இந்தோனேசியாவின் அச்சேயில் ‘கந்தூரி’ என்றும் ஜாவாவில் ‘கெந்தூரி’ என்றும் வழங்குகிறது. ஜாவா முஸ்லிம்கள் இந்த விருந்தை நடத்தும் முறையில் நாம் கவனிக்க வேண்டிய சில செய்திகள் உள்ளன.

பிள்ளை பிறந்தால், சுன்னத் செய்தால், நிக்காஹ் வந்தால், மவ்த் ஆனால், புது வீடு குடி போனால் என்று எல்லாவற்றுக்கும் கெந்தூரி உண்டு. அக்கம்பக்கத்துப் பெண்கள் முன்கூட்டியே வந்து காய் நறுக்குவது முதல் அடுப்பு வரை பார்த்துக்கொள்கிறார்கள். இதற்குக் கூலி கிடையாது. நாளை அவர்கள் வீட்டில் விருந்து என்றால் இவர்கள் போவார்கள். இந்தக் கைமாற்று உதவிக்கு ‘ரேவாங்’ என்று பெயர்.

நடுவில் சோறு, பெரும்பாலும் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்த்துக் கூம்பாகக் குவித்தது. சுற்றிலும் முழுக்கோழி, முட்டை, வறுத்த தேங்காய்த் துருவல், சோயாவை நொதிக்கவைத்துச் செய்யும் டெம்பே, அவித்த கீரையிலும் காயிலும் தேங்காய் பிசறிய ‘ஊராப்’, சேமியா, மிளகாய்ச் சம்பல். தட்டையான தாலத்தில் நாலைந்து பேருக்கு ஒன்றாக வைக்கும் வகைக்கு ‘நாசி அம்பெங்’ என்று பெயர். நம் சஹன் சாப்பாட்டை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

யாரை அழைப்பது என்பதில்தான் சிறப்பு. உறவா, நட்பா, வசதியா என்று பார்ப்பதில்லை. வீட்டுக்கு நான்கு பக்கமும் இருப்பவர்களை அழைக்கிறார்கள். பாயில் எல்லாரும் ஒரே மட்டத்தில் உட்கார்கிறார்கள். வீட்டுக்காரர் காரணத்தைச் சொல்வார், ஒருவர் துஆ ஓதுவார், மற்றவர்கள் ஆமீன் சொல்வார்கள். பிறகு சில கவளம்தான். மீதியை மூங்கில் பெட்டியில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அந்தப் பெட்டிச் சோற்றுக்குப் பெயர் ‘பெர்காத்’. நம் ‘பரக்கத்’தான் அது. வராத மனைவி மக்களும் படுத்திருக்கும் முதியவரும் அதில்தான் விருந்தில் பங்கு பெறுகிறார்கள். குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்ன ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. பெர்காத் பெட்டி அந்த வழியில்தான் நடக்கிறது.

இதே தீவுகளில் இதே சோற்றையும் கறிகளையும் டச்சுக்காரர்கள் வேறு விதமாக்கினார்கள். ‘ரைஸ்ட்டாஃபல்’, அதாவது சோற்று மேசை என்று பெயரிட்டு, ஒவ்வொரு பதார்த்தத்தையும் ஒவ்வொரு பணியாள் ஏந்தி வரிசையில் வர, எஜமானர்கள் உட்கார்ந்து உண்டார்கள். பதாவியாவின் ‘ஹோட்டல் தெ ஸாந்த்’ இதற்குப் பேர்போனது. பதார்த்தங்களின் எண்ணிக்கை அங்கே அந்தஸ்தின் அளவானது. நம் கல்யாண மண்டபங்களில் இன்று நடப்பது இந்த இரண்டில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால், பதில் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

கெந்தூரியிலும் குறை இல்லாமல் இல்லை. மவ்த் ஆன வீட்டில் 3, 7, 40, 100 என்று நாள் எண்ணி, 1000-ஆவது நாள் வரை விருந்து வைக்கும் வழக்கம் ஜாவாவில் உண்டு. 1912-இல் தொடங்கிய முஹம்மதியா இயக்கம் இதற்கு ஆதாரம் இல்லை என்கிறது. 1926-இல் தொடங்கிய நஹ்தத்துல் உலமா துஆவும் ஸதகாவும் சேர்ந்த நல்ல வழக்கம் என்கிறது. அந்த விவாதத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. ஆனால் துக்க வீடு கடன் வாங்கிச் சோறு போடும் நிலை எங்கே வந்தாலும், ஜாவாவோ நம் தெருவோ, ஜமாஅத் அதைத் தடுத்தாக வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படிதான் நபி (ஸல்) அவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதி). ஜாவாவிலேயே துக்கம் கேட்க வரும் பெண்கள் கையில் அரிசியோடு வருவதும் உண்டு. அந்த வழக்கத்தை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஜாவா கிராமங்களில் ‘ஜிம்பித்தான்’ என்றும் ஒன்று உண்டு. ஒவ்வொரு வீடும் இரவில் ஒரு சிட்டிகை அளவு அரிசியைச் சின்ன டப்பாவில் போட்டு வாசலில் மாட்டிவைக்கும். இரவுக் காவல் சுற்றி வருபவர்கள் அதைச் சேகரித்து ஊர்ப் பொதுவில் சேர்ப்பார்கள். நோயாளிக்கும் இல்லாதவருக்கும் பொதுக் காரியங்களுக்கும் அது போகும். இப்போது பல இடங்களில் அரிசிக்குப் பதில் சில்லறைக் காசு. மதரஸாவுக்கென்று உலை வைக்கும்போதே பிடி அரிசி எடுத்துவைத்த நம் வீட்டு மூத்த பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.