பின்வாங்கி வென்ற தளபதி

 

போன வாரம் வரலாறு வகுப்பில் நெப்போலியன் பாடம் நடந்தது. ரஷ்யத் தளபதி குட்டூசோவ் மாஸ்கோ நகரத்தைச் சண்டை போடாமலே விட்டுட்டார்னு டீச்சர் சொன்னாங்க. உடனே என் பக்கத்தில் இருந்தவள், "ஊரை விட்டு ஓடினவரு என்ன வீரரு?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கும் பதில் தெரியலை. பள்ளி நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததை எழுதுகிறேன்.

யார் இவர்?

மிகைல் குட்டூசோவின் அப்பா ராணுவப் பொறியாளர். துருக்கியரோடு நடந்த போர்களில் 1774-லும் 1788-லும் குட்டூசோவின் தலையில் குண்டு பாய்ந்தது. இரண்டு தடவையும் பிழைத்துவிட்டார். அப்படிப்பட்டவரைப் பயந்தவர்னு சொல்ல முடியுமா?

1812-இல் நடந்தது என்ன?

ஜூன் மாதம் நெப்போலியனின் பெரும்படை ரஷ்யாவுக்குள் நுழைந்தது. ஆகஸ்டில் ஜார் மன்னர் முதலாம் அலெக்சாண்டர், 60 வயதைத் தாண்டிய குட்டூசோவைத் தலைமைத் தளபதி ஆக்கினார். செப்டம்பர் 7-இல் பொரோதினோவில் போர். அந்த ஒரே நாளில் இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 70,000 பேர் இறந்தார்கள் அல்லது காயம்பட்டார்கள்.

செப்டம்பர் 13-இல் ஃபிலி கிராமத்தில், ஒரு விவசாயி வீட்டில் தளபதிகள் கூடினார்கள். சிலர் மறுபடி மோதலாம் என்றார்கள். குட்டூசோவ் ஒத்துக்கொள்ளவில்லை. மாஸ்கோ போனால் திரும்பப் பிடிக்கலாம், படையே அழிந்தால் நாடும் போய்விடும் என்பது அவர் வாதம்.

மறுநாள் நெப்போலியன் படை மாஸ்கோவுக்குள் வந்தது. ஊரில் பெரும்பாலும் ஆளே இல்லை. தீப்பிடித்து நகரத்தின் பெரும்பகுதி எரிந்து போச்சு. ஜார் சமாதானத்துக்கு வருவார் என்று நெப்போலியன் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தார். பதிலே வரலை. அதற்குள் குட்டூசோவ் தருத்தினோ என்ற இடத்தில் தங்கி, ஆளும் உணவும் சேர்த்துப் படையைப் பலப்படுத்திவிட்டார்.

அக்டோபர் 19-இல் நெப்போலியன் கிளம்பினார். தெற்கு வழியைக் குட்டூசோவ் படை மறித்தது. வந்த வழியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. அங்கே உணவு ஏற்கெனவே தீர்ந்து போயிருந்தது. பசி, நோய், குளிர், தாக்குதல் எல்லாம் சேர்ந்து அந்தப் பெரும்படையை அழித்தன. குட்டூசோவ் 1813 ஏப்ரலில் காலமானார்.

உங்களுக்குத் தெரியுமா?

அப்போது ரஷ்யாவின் தலைநகரம் மாஸ்கோ இல்லை, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். குட்டூசோவின் கல்லறையும் அங்கேதான் உள்ளது.

என் பதில்

தோழி, பயந்து ஓடுறவருக்கு எங்கே நிற்கணும்னு தெரியாது. குட்டூசோவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவர் வீரர்தான்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நகரத்தை விட்டபோது காயம்பட்ட ரஷ்ய வீரர்கள் ஆயிரக்கணக்கானோரை அங்கேயே விட்டுப் போனார்கள். பலர் தீயில் இறந்தார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? எனக்கு இன்னும் தெரியலை. உங்களுக்குத் தோன்றினால் அடுத்த மாதக் கையெழுத்துத் தாளில் எழுதுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி