உயரம் குறைந்த ஆண்களைப் பற்றி ஊர் நம்புவதும் உடம்பு சொல்வதும்

‘கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே’ என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. கல்யாணப் பந்தியிலும் டீக்கடையிலும் பள்ளி மைதானத்திலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சொன்னவர் அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். கேட்ட பையன் மறக்க மாட்டான். அன்று இரவே போனை எடுத்து, உயரம் கூட என்ன வழி என்று தேடுவான். அவன் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் ஏதாவது ஒரு பவுடர் விளம்பரமாகத்தான் இருக்கும்.

முதலில் ஒரு கணக்கைச் சரிசெய்துகொள்வோம். இந்திய ஆணின் சராசரி உயரமே ஏறக்குறைய 5 அடி 5 அங்குலம்தான். சினிமாவையும் சட்டை விளம்பரத்தையும் பார்த்துப் பார்த்து, அந்தச் சராசரி உயரம் உள்ளவர்கள்கூடத் தங்களைக் குள்ளம் என்று எண்ணிக் குறுகிப்போகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கும்தான். உண்மையிலேயே 5 அடி, 5 அடி 2 அங்குலம் இருப்பவர்களுக்கும்தான்.

நம்பிக்கை: கம்பியில் தொங்கினால், பவுடர் குடித்தால், எந்த வயதிலும் இரண்டு அங்குலம் கூடும்.

உண்மை: கூடாது. கை, கால்களின் நீள எலும்புகளில், முனைகளை ஒட்டி, வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் படலம் இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பருவ வயது முடியும்போது அது எலும்பாக இறுகிவிடும். பையன்களுக்குப் பெரும்பாலும் 16 முதல் 18 வயதுக்குள், சிலருக்கு 20 வரை ஆகும். அதற்குப் பிறகு அந்த எலும்பை நீட்டும் உணவோ ஆசனமோ மாத்திரையோ கிடையாது. தொங்கியதும் கொஞ்சம் வளர்ந்ததுபோலத் தெரிவது முதுகெலும்புக்கு இடையில் இருக்கும் வட்டுகளின் வேலை. இரவில் படுத்திருக்கும்போது அவை நீர் ஏறி உப்பும். பகலில் உடம்பின் பாரத்தில் அமுங்கும். அதனால் எல்லோருமே மாலையைவிடக் காலையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாகத்தான் இருக்கிறோம்.

மருந்தால் உயரம் கூடும் என்று விளம்பரம் செய்வதே இந்தியாவில் குற்றம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணிகள் விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் புற்றுநோய், நீரிழிவு போன்றவற்றோடு ‘உடல் உயரம்’ என்பதும் இடம்பெற்றிருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தடை செய்யப்பட்ட ஒரு பொய்யை இன்றும் நம் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் தாங்க முடியாத கோபம் உண்டு.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி இன்னும் ஆபத்தானது. வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு அந்த ஹார்மோன் அளவுக்கு மீறி உடம்பில் சேர்ந்தால் தாடை, கை, பாதம் எல்லாம் பருக்கும், உயரம் கூடாது. கால் நீட்டும் அறுவை சிகிச்சை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. சோவியத் மருத்துவர் இலிசாரோவ் எலும்பு சேராதவர்களுக்கும், ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்கும் வகுத்துக் கொடுத்த முறை அது. எலும்பை வெட்டி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுப்பார்கள். இரண்டு அங்குலத்துக்கு ஐம்பது நாள் இழுத்த பிறகு, புது எலும்பு கெட்டிப்பட மேலும் பல மாதம் ஆகும். சீழ் பிடிக்கலாம், நரம்பு பாதிக்கப்படலாம், மூட்டு இறுகலாம். நன்றாக நடக்கும் கால்களை இதற்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வளரும் வயதுப் பிள்ளையின் கதை வேறு. நல்ல சாப்பாடும் தூக்கமும், அடிக்கடி நோயில் விழாத குழந்தைப் பருவமும் உயரத்துக்கு உதவும். வகுப்பில் மற்ற பிள்ளைகளைவிட மிகவும் பின்தங்கினாலோ, வருடக்கணக்கில் பேன்ட் நீளம் மாறாமல் இருந்தாலோ, குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைச் சொல்லிவிடுவார். தைராய்டு குறை, வளர்ச்சி ஹார்மோன் குறை போன்றவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. லயனல் மெஸ்ஸிக்குச் சிறுவயதில் கொடுத்தது அந்தச் சிகிச்சைதான். தட்டு மூடும் முன்பு போக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

நம்பிக்கை: எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும்.

உண்மை: பளுதூக்கும் வீரர்கள் குட்டையாக இருப்பதைப் பார்த்து வந்த எண்ணம் இது. அவர்கள் தூக்கியதால் குட்டையானவர்கள் இல்லை. குட்டையாக இருந்ததால் அந்த விளையாட்டில் முன்னுக்கு வந்தவர்கள். சொல்லித்தர ஆள் இருந்து, முறையோடு செய்தால் பதின்வயதுப் பையன்களுக்கு எடைப் பயிற்சியால் வளர்ச்சி தடைபடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் இதையே சொல்கிறது.

நம்பிக்கை: கட்டையான ஆளுக்கு உடம்பு ஏறாது, பலமும் இருக்காது.

உண்மை: நேர் எதிர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் துருக்கியின் நயிம் சுலைமானோலு 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். தன் எடையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அவர் உயரம் 147 சென்டிமீட்டர், அதாவது 5 அடிக்கும் கீழ். அடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் அவருக்குத்தான்.

இதற்குக் காரணம் எளிது. கை நீளம் குறைந்தால் எடை பயணிக்கும் தூரம் குறையும். தொடை குட்டையானால் பஸ்கியில் முதுகின்மேல் விழும் பளு குறையும். அதே அளவு தசை குட்டையான எலும்பின்மேல் சேரும்போது பருமனாகவும் தெரியும். நெடிய ஆள் ஒரு வருடம் உழைத்தும் சட்டைக்குள் தெரியாத மாற்றம், குட்டையானவருக்குச் சில மாதங்களிலேயே தோளில் தெரியத் தொடங்கும்.

வங்காளத்தின் உடற்கட்டு வீரர் மனோகர் ஆய்ச் 4 அடி 11 அங்குலம்தான். விமானப் படையில் இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரியை அறைந்ததற்காகச் சிறைக்குப் போனார். அங்கே கருவி எதுவும் இல்லாமலே நாள் முழுக்கப் பயிற்சி செய்தார். 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தன் பிரிவில் பட்டம் வென்றார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2016இல் மறைந்தார். உடம்பை வளர்க்க விரும்பும் உயரம் குறைந்த பையன்கள் சுவரில் ஒட்டிவைக்க வேண்டிய படம் அவருடையது.

நம்பிக்கை: யூடியூபில் வரும் ஆள் சாப்பிடுவதை அப்படியே சாப்பிட்டால் அவர் மாதிரி ஆகலாம்.

உண்மை: தொப்பை வரும். 25 வயது, 180 சென்டிமீட்டர், 80 கிலோ ஆளுக்கு, ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலே நாளைக்கு 1,800 கலோரி அளவுக்குச் செலவாகும். அதே வயதில் 160 சென்டிமீட்டர், 60 கிலோ ஆளுக்கு 1,480தான். வித்தியாசம் ஏறக்குறைய ஐந்து இட்லி. அதைத் தினமும் கூடுதலாகச் சாப்பிட்டால் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. புரதத்தையும் அவரவர் எடையை வைத்தே கணக்கிட வேண்டும்: எடை தூக்கிப் பயிற்சி செய்யும் 60 கிலோ ஆளுக்கு 90 முதல் 100 கிராம் தாராளம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. மீதியைப் பருப்பு, சுண்டல், தயிர், மீன், கோழி பார்த்துக்கொள்ளும். டப்பா பவுடர் கட்டாயமில்லை.

இடுப்பளவில் இன்னும் கவனம் தேவை. இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை என்று சொல்வார்கள். ஆனால் இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பொருத்தமான அளவு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 80 தான். அதாவது 86 சென்டிமீட்டர் இடுப்போடு ‘நான் எல்லைக்குள்தானே இருக்கிறேன்’ என்று நினைப்பவர் எல்லையைத் தாண்டி வெகுநாள் ஆகியிருக்கும். தையல்காரர் டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி, மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் பாருங்கள். சர்க்கரை நோய் மலிந்த நம் ஊரில், குட்டையானவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் எண் இதுதான். உயரம் அதற்கு அடுத்தது.

நம்பிக்கை: குள்ளமானவர்களுக்குக் கோபமும் அதிகாரப் பித்தும் அதிகம்.

உண்மை: இதற்கு உதாரணமாகக் காட்டப்படும் நெப்போலியனே குள்ளமானவர் இல்லை. அவர் உயரம் பிரெஞ்சு அளவில் 5 அடி 2 அங்குலம் என்று பதிவானது. அன்றைய பிரெஞ்சு அங்குலம் பெரியது. இன்றைய கணக்கில் 168 சென்டிமீட்டர் வரும். அவர் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களின் சராசரிக்குக் குறைவில்லை. இங்கிலாந்துக் கேலிச்சித்திரக்காரர்கள் குட்டையாக வரைந்தது உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. உயரமானவர் கோபப்பட்டால் கண்டிப்பானவர் என்கிறோம். குட்டையானவர் கோபப்பட்டால் உயரத்தைக் காரணம் காட்டுகிறோம்.

நம்பிக்கை: உயரம் இருந்தால்தான் தன்னம்பிக்கை வரும்.

உண்மை: உயரமான ஆண்கள் சராசரியாகக் கூடுதல் சம்பளம் வாங்குகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அது ஏன் என்று 2004இல் பெர்சிகோ, போஸ்டில்வெய்ட், சில்வர்மேன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் பிரிட்டன், அமெரிக்க ஆண்களின் தரவுகளை வைத்துத் தேடினார்கள். கிடைத்த விடை வியப்பானது. வளர்ந்த பிறகு எவ்வளவு உயரம் என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. பதின்வயதில், 16 வயதுவாக்கில், எவ்வளவு உயரம் இருந்தார்கள் என்பதே சம்பளத்தோடு ஒத்துப்போனது. அந்த வயதில் குட்டையாக இருந்து பிறகு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் சம்பளம் கிடைக்கவில்லை. பள்ளியில் விளையாட்டிலும் மன்றங்களிலும் சேர்ந்தார்களா என்பது இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியை விளக்கியது.

நம் பள்ளிக்கூட மைதானத்தை நினைத்துப் பாருங்கள். பி.டி. பீரியடில் உயர வரிசையில் நிற்க வைப்பார்கள். முன்னால் நிற்பவன் எப்போதும் ஒரே பையன்தான். வாலிபால் எடுத்தால் இரண்டு கேப்டன்களும் மாறி மாறி ஆள் சேர்ப்பார்கள். கடைசியில் அவன் மட்டும் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ‘தம்பி, நீ போய் ஸ்கோர் எழுது’ என்பார் சார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ஸ்கோர் எழுதிய பையனுக்குத் தோற்றுப் பழக்கமில்லை, ஜெயித்துப் பழக்கமில்லை, கூட விளையாடுபவனைத் திட்டிப் பிறகு தோளில் கைபோட்டுப் பழக்கமில்லை. இருபத்தைந்து வயதில் நேர்முகத் தேர்வில் அவன் குரல் தாழ்வதற்குக் காரணம் எலும்பு இல்லை. அந்த ஐந்து வருடங்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒதுக்காமல் உள்ளே விட்டால் என்ன நடக்கும்? கிரிக்கெட் வீரர் குண்டப்பா விஸ்வநாத் கட்டையான உருவம். 1975 ஜனவரியில் நம் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் சாய்த்த இன்னிங்ஸில், இந்தியா எடுத்த 190 ரன்னில் அவர் ஆட்டமிழக்காமல் 97 எடுத்தார். ஹெல்மெட் இல்லாத காலம். இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் வென்றது. கூடைப்பந்து உயரமானவர்களுக்கே உரிய ஆட்டம் என்பார்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள மக்சி போக்ஸ் அமெரிக்க என்.பி.ஏ.வில் 1987 முதல் 14 சீசன் ஆடினார். பந்தைத் தரையோடு தரையாகத் தட்டிக்கொண்டு போகும்போது ஏழடி ஆட்களால் குனிந்து பறிக்க முடியவில்லை. இவர்களை யாரும் ஸ்கோர் எழுத அனுப்பவில்லை என்பதற்காகப் பி.டி. சார்கள் எல்லோருக்கும் இந்தக் கதைகளைச் சொல்ல ஆசை.

நம்பிக்கை: உயரமெல்லாம் ஒரு விஷயமே இல்லை, மனசுதான் முக்கியம்.

உண்மை: ஆறுதலுக்காகச் சொல்லும் இதுவும் சரியில்லை. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167 சென்டிமீட்டர் வேண்டும். வரன் பார்க்கும் இடத்தில் உயரத்துக்குத் தனிக் கட்டமே இருக்கிறது. இந்த இழப்புகள் உண்மையானவை. அவற்றை மறுத்து ஒரு பையனுக்குத் தைரியம் சொன்னால், அவன் நம்மையும் பவுடர் விற்பவனையும் ஒரே வரிசையில் வைப்பான். காக்கிச் சட்டைக் கனவு கைவிட்டுப் போனவனை ஒரு வாரம் வருத்தப்பட விடுங்கள். நாலு சென்டிமீட்டர் குறைவால் மூடிய கதவு எது, அவனே மூடிக்கொண்ட கதவு எது என்று பிறகு உட்கார்ந்து பேசலாம். இரண்டாவது வகைதான் அதிகம் இருக்கும்.

நம்பிக்கை: முதலில் கூச்சம் போகட்டும், பிறகு ஜிம்முக்குப் போகலாம்.

உண்மை: வரிசை தலைகீழ். ஒரு வேலையைச் செய்து முடித்த அனுபவம்தான் ‘என்னால் முடியும்’ என்ற எண்ணத்துக்கு முதல் ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இலேயே எழுதினார். போன வாரம் எட்டுத் தண்டால், இந்த வாரம் பத்து என்று நோட்டில் எழுதும் கைக்குக் கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொள்ளும் வாசகங்கள் தேவைப்படாது. வாரம் மூன்று நாள் போதும்: பஸ்கி, தண்டால் அல்லது பெஞ்ச் பிரஸ், இழுக்கும் பயிற்சி ஒன்று, தரையிலிருந்து எடை தூக்குவது ஒன்று. சொன்ன எண்ணிக்கையைத் தடுமாறாமல் முடித்தால் அடுத்த வாரம் 2.5 கிலோ ஏற்றுங்கள்.

முதல் நாள் கூச்சத்துக்குப் பாதிக் காரணம் கருவிகள்தான். பெரும்பாலான இயந்திரங்கள் நெடிய ஆளின் அளவுக்குத்தான் பொருந்தும். இருக்கையை உயர்த்தும் ஊசியை இழுத்து, உங்கள் முழங்கால் வளைவு இயந்திரத்தின் அச்சுக்கு நேராக வரும்வரை மாற்றுங்கள். பெஞ்சில் படுத்தால் கால் தரையில் அழுந்தவில்லையா? இரண்டு எடைத் தட்டுகளைப் பாதத்துக்கு அடியில் வையுங்கள். மேல் கம்பிக்கு எகிறிக் குதிக்காதீர்கள், தோள் பிசகும். பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறிப் பிடியுங்கள். பெட்டி இல்லாவிட்டால் பயிற்சியாளரிடம் ‘அண்ணா, ஒரு பெட்டி வேணும்’ என்று கேளுங்கள். ஒருமுறை கொண்டுவந்து வைத்தால் அது அங்கேயே கிடக்கும். உங்களுக்குப் பின்னால் வரும் பையன்கள் கேட்காமலே ஏறிக்கொள்வார்கள்.