தொழில் தொடங்கியவனின் முதல் வருடக் கணக்கு



டிப்ளமா முடித்ததும் நம்மில் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறோம். அதில் தப்பே இல்லை. ஆனால் "சொந்தமா ஏதாவது பண்ணலாமேடா" என்று ஒரு தடவையாவது பேசாதவர் நம்மில் யார்? நானும் என் வகுப்புத் தோழனும் அதைச் செய்து பார்த்தோம். 2019 ஜூனில் ஆரம்பித்து அடுத்த ஆகஸ்ட் வரை நடந்ததைப் பாடமாக எழுதுகிறேன். தொழில் ஆசை உள்ளவர்களுக்குப் பயன்படட்டும்.

1. என்ன தொழில்?

பட்டுச்சேலையின் கரையிலும் முந்தியிலும் வரும் யானை, அன்னம், மாங்காய் எல்லாம் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்ட் பெட்டியிலிருந்து இறங்குகின்றன. டிசைனை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். ஒரு நேர்க்கோட்டு வரிசை ஒரு கொக்கிக்கு. ஒரு படுக்கை வரிசை ஓர் அட்டைக்கு. அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி மேலே தூக்கும், பாவு இழை எழும்பும். ஓட்டை இல்லாவிட்டால் கொக்கி நகர்ந்துவிடும், இழை கீழேயே நிற்கும். அவ்வளவுதான்! நாம் படிக்கும் பூஜ்யம், ஒன்று கணக்கேதான் இது. 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்ட் அமைத்த இந்த அட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு எந்திரத் திட்டத்தில் எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டருக்குத் தாத்தா நம் ஊர்த் தறியில் தொங்குகிறார் என்று சொல்லலாம்.

240 கொக்கியும் 160 அட்டையும் உள்ள ஒரு டிசைனுக்கு 38,400 கட்டங்கள். கையால் நிரப்ப நாள் கணக்கில் ஆகும். கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப வரும் பகுதியை நகல் எடுத்துவிடலாம். இதுதான் எங்கள் தொழில். டிசைன் போட்டு, அட்டை குத்திக் கொடுப்பது.

இடம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறை. 24,000 ரூபாய்க்கு ஒரு கம்ப்யூட்டர், பழைய பிரிண்டர் ஒன்று, அட்டை குத்தும் மிஷின் ஒன்று. கைக்காசு போக, முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் கடன். 2015-ல் வந்த அந்தத் திட்டத்தில் இந்தத் தொகைக்கு அடமானம் கேட்க மாட்டார்கள்.

2. கூட்டம் வேறு, வாடிக்கையாளர் வேறு

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் வைபவம். 1979-க்குப் பிறகு 40 வருடம் கழித்து வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து அவரை எழுந்தருளச் செய்தார்கள். லட்சக்கணக்கில் ஜனம். "உங்க காட்டுல மழைதான் போ" என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். எங்களுக்கு வந்த ஆர்டர் ஒன்றும் இல்லை. சாமி கும்பிட வந்தவர் அட்டை வாங்குவாரா? எங்கள் வாடிக்கையாளர் தறிக்காரரும், அவருக்குப் பாவு கொடுக்கும் முதலாளியும்தான். போதாக்குறைக்கு ஆடி மாதம். கல்யாணச் சேலை நகராது.

அந்த நாட்களில் தறி தறியாக ஏறி இறங்கினோம். ஒரு பெரியவர் சொன்னார்: "புது டிசைன் கெடக்கட்டும் தம்பி. இந்த அட்டை நைஞ்சு போச்சு. இதே மாதிரி எடுத்துக் குடு, போதும்." பழைய அட்டையைப் பார்த்து ஓட்டைக்கு ஓட்டை கம்ப்யூட்டரில் ஏற்றி, புதிதாகக் குத்திக் கொடுத்தோம். எங்கள் முதல் வருமானம் அதுதான்.

கடலூர் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் சிக் ஷாம்பு ஆரம்பித்த கதை பலருக்குத் தெரியும். எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கொண்டு வந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். பிறகு சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். ஜனங்கள் கையில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து அவர் ஆரம்பித்தார். எங்களுக்கு அது பழைய அட்டை.

3. லாபம் நோட்டில், காசு எங்கே?

தை மாதக் கல்யாணத்துக்கான வேலை புரட்டாசி, ஐப்பசியிலேயே வந்துவிடும். பணம் அப்படி வராது. சேலை விற்றால்தான் முதலாளிக்குக் காசு, அவர் கொடுத்தால்தான் நமக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு போட முடியாது, அதனால் தறியும் தாமதமாகும்.

ஓர் உதாரணம். அக்டோபரில் 20,000 ரூபாய்க்கு வேலை செய்கிறோம். அட்டை, மை, கரண்ட் பில் 8,000 ரொக்கமாகப் போகிறது. பணம் ஜனவரியில் வருகிறது. நோட்டில் லாபம் 12,000. அக்டோபர் முடிவில் கையில் இருப்பதோ 8,000 குறைவு! லாபத்தில் இருந்துகொண்டே கடையை மூட நேரிடும் என்பது இதனால்தான். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் ஒரே வியாபாரியிடமிருந்து வந்தது. அவர் நிலுவையை இழுத்தடித்தபோது இரண்டு மாதம் கடன் தவணைக்கு அம்மாவின் சீட்டுப் பணம்தான் கைகொடுத்தது. அன்றிலிருந்து இரண்டு விதி வைத்தோம். பாதி முன்பணம் இல்லாமல் அட்டை குத்துவதில்லை. எந்த ஒருவரின் வேலையும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

4. ஒத்திவைப்பு என்றால் தள்ளுபடி அல்ல

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு. பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் போயின. சேலைகள் தறியிலேயே நின்றன. நெசவாளிக்குச் சேலை முடித்தால்தான் கூலி. எங்கள் தெருவில் பல வீட்டில் தறிச் சத்தமே இல்லை. அந்த அமைதி எப்படி இருந்தது என்பது எங்கள் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும்.

மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி தவணையை ஒத்திவைக்கலாம் என்று அறிவித்தது. மார்ச் 1 முதல் மூன்று மாதம். பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டினார்கள். "ஆறு மாசம் கட்ட வேண்டாமாம்டா!" என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50,000 பாக்கிக்கு வருடம் 12 சதவீதம் என்றால் மாத வட்டி 500. ஆறு மாதத்துக்கு 3,000. வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் 3,076. பின்னால் அரசு திருப்பிக் கொடுத்தது இந்த வட்டிக்கு வட்டியான 76 ரூபாய் போன்ற வித்தியாசத்தை மட்டும்தான். 3,000 நம் தலையில்தான்.

ஆகவே வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டுவது என்று முடிவு செய்தோம். இ-பாஸ், பள்ளிப் பிள்ளைகளின் பாடத்தாள் என்று பிரிண்டர் சம்பாதித்துக் கொடுத்தது. மீதி நேரத்தில், நைந்த அட்டைகளை வீடு வீடாக வாங்கி 70 டிசைன்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். தறிகள் திரும்ப ஓடியபோது அவைதான் எங்கள் சரக்கு.

5. பங்காளிக் கணக்கு

ஆகஸ்டில் என் தோழனுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்தது. அவன் தங்கைக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். "மாசச் சம்பளம் இல்லாம முடியாதுடா" என்றான். அவனைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

முதல் நாளே யார் எவ்வளவு போட்டோம், பிரிந்தால் எப்படி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம். கம்ப்யூட்டர் 24,000, ஆயுள் ஐந்து வருடம், வருடத் தேய்மானம் 4,800. ஒரு வருடம் கழித்து மதிப்பு 19,200. அவன் பாதி 9,600. அதை 2,400 வீதம் நான்கு தவணையில் கொடுத்தேன். மீதிக் கடனை நான் ஏற்றுக்கொண்டேன். தேர்வுக்காகப் படித்த தேய்மானம் ஒரு நட்பைக் காப்பாற்றியது. அவன் தங்கை கட்டிய முகூர்த்தச் சேலையின் கரை எங்கள் எழுபதில் ஒன்று.

தோழர்களே! தொழில் இன்றும் நடக்கிறது; இரண்டு பேருக்குச் சம்பளமும் கொடுக்கிறேன். நீங்கள் தொடங்குவதாக இருந்தால், டிப்ளமா படித்தவர்களுக்கும் உரிய தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். கடன் வாங்கும் முன் வட்டியை நீங்களே கணக்கிடுங்கள். ரொக்க நோட்டைத் தினமும் எழுதுங்கள். கூட்டாளியோடு எல்லாவற்றையும் சிரித்துப் பேசும் காலத்திலேயே எழுதி வையுங்கள். அதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.

வாழ்த்துக்கள்!